சிலோன் மனோகரின் பாடல்கள்: இசைத்தட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஏ. ஈ. மனோகரன் (இறப்பு: 22 ஜனவரி 2018) இலங்கைத் தமிழ்ப் பாடகரும் நடிகரும் ஆவார். தமிழ்நாட்டில் ‘சிலோன் மனோகர்’ என்றும் இலங்கையில் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்றும் அறியப்பட்டவர். 1970களில் ‘சுராங்கனி’ என்ற பாடல் அவரைக் கடல் கடந்து கொண்டுசேர்த்தது. அதே பாடல் அவருடைய ஏனைய பாடல்களை மறைத்தும்விட்டது. அவர் பாடியது எந்த இசை, அது ஏன் வேடிக்கைப் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது, அதைத் திரும்ப மதிப்பிட வேண்டுமானால் நம் கையில் என்ன இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை பேசுகிறது. பாடகரின் முழு வரலாற்றை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மீன் கொண்டுவந்த பாட்டு

சுராங்கனி சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. பல்லவி சிங்களம். அதில் திரும்பத் திரும்ப வரும் ‘மாளு’ என்ற சொல்லுக்கு மீன் என்று பொருள். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் வந்திருக்கிறது, அதுவும் இப்போதுதான் கொண்டுவந்த மீன் என்பதே பல்லவி சொல்லும் செய்தி. தமிழ்நாட்டில் இதைப் பாடாத பள்ளிச் சுற்றுலாப் பேருந்து இருந்திருக்காது. பழவேற்காட்டிலிருந்து வண்டி கிளம்பினால் பொன்னேரி வருவதற்குள் பின் இருக்கையில் யாராவது தொடங்கிவிடுவார்கள். இருக்கையின் முதுகைத் தட்டித் தாளம் போடுவார்கள். பாடுகிற பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாது. ‘மாலு’ என்பது சுராங்கனியின் தோழி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒளிப்பானேன். ஒருமுறை வகுப்பில் பொருளைச் சொன்னபோது கோட்டைக்குப்பத்துப் பையன் ஒருவன், “அப்போ இது எங்கம்மா கூவுற பாட்டா சார்?” என்று கேட்டான். அவன் தாய் கூடையில் மீன் விற்பவர். இந்தப் பாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் அதுவே சரியானது.

மீன் விற்கும் கூவலில் இரண்டு இயல்புகள் உண்டு. சொல் குறைவாக இருக்க வேண்டும். தொலைவில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும். மனோகரின் பாடும் முறையில் இரண்டும் இருக்கின்றன. குரலை நுணுக்கமாக வளைக்க அவர் முயல்வதில்லை. தொண்டையைத் திறந்து, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்று, எதிரே இருப்பவரைச் சீண்டிவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பதிலைக் கூட்டம் பாடுகிறது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட மற்றவர்கள் பின்பாடி இழுக்கும் அம்பாப் பாட்டின் கட்டுமானமும் இதுவே. முன்பாட்டுக்காரருக்கு இனிய குரல் தேவையில்லை. நேரம் தவறாத குரல் வேண்டும். மூச்சு வாங்கும் இடமும் கயிறு தளரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதைத் திரைப்பாட்டோடு ஒப்பிட்டுக் கேட்டால் வேறுபாடு விளங்கும். ஜெய்சங்கர் நடித்து 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் சுராங்கனியைப் பாடினார்கள். வாசுதேவன் நன்றாகவே பாடியிருக்கிறார். குரல்வளத்தில் அவர் ஒருபடி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் படத்தில் பாடல் ஒரு காட்சிக்குள் நடக்கிறது. கேட்பவர் பார்வையாளராக வெளியே நிற்கிறார். மனோகர் பாடும்போது கேட்பவரும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறார். சுற்றுலாப் பேருந்தில் பிள்ளைகள் பாடியது திரைப்பாட்டின் வழியாக வந்திருக்கலாம். பாடிய முறை மனோகருடையது.

தாளம் வந்த வழி

மனோகரின் இசைக்குத் தாய் பைலா. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. போர்த்துக்கீசியர் 1505 முதல் 1658 வரை இலங்கைக் கரையோரத்தில் இருந்தார்கள். அவர்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுவந்த மக்களும், போர்த்துக்கீசிய வழிவந்த பறங்கியரும் ஆடிப் பாடிய கஃப்ரிஞ்ஞா என்ற வகையே பைலாவின் மூலம். புத்தளம் பக்கத்தில் சிரம்பையடி என்ற ஊரில் ஆப்பிரிக்க வழியினர் இன்றும் ‘மான்ஞா’ என்ற தங்கள் பாட்டுமுறையைக் காத்து வருகிறார்கள். தமிழ் பேசும் மட்டக்களப்பில் பறங்கியர் திருமணங்களில் கஃப்ரிஞ்ஞா உண்டு. 1940களில் வாலி பஸ்டியன் என்ற காவல்துறைப் பணியாளர் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பாடிப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். எம். எஸ். பெர்னாண்டோ போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். இதே காலத்தில் ஹாரி பெலஃபோன்ட் 1956இல் வெளியிட்ட ‘கலிப்சோ’ என்ற நெடுந்தட்டு கொழும்பையும் எட்டியது. அதன் புகழ்பெற்ற முதற்பாட்டு, இரவெல்லாம் வாழைத்தார் ஏற்றிய துறைமுகக் கூலிகள் விடியற்காலையில் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடும் ஜமைக்கா நாட்டுப்பாட்டு. கித்தாரும் பொங்கோவும் கூட்டுக்குரலுமாகப் பல குழுக்கள் இலங்கையில் கலிப்சோ பாட ஆரம்பித்தன.

தமிழில் இதை முதலில் துணிந்து செய்தவராக நித்தி கனகரத்தினத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியவை யாழ்ப்பாணப் பேச்சுமொழியை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தன. எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன் முதலியோர் தொடர்ந்தார்கள். மனோகர் இவர்களில் மிகப் பரந்த கூட்டத்தை எட்டியவர்.

பைலாவின் நடை ஆறு மாத்திரை. நம் வாயில் சொன்னால் ‘தகிட தகிட’. இது தமிழ்க் காதுக்குப் புதிதன்று; கும்மியும் காவடிச்சிந்தும் திஸ்ர நடையில் ஏராளமாக உண்டு. மனோகர் பாடிய முருகன் பாட்டு பொப்பிசைக்குள் எப்படி உறுத்தலின்றி அமர்ந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. காவடி எடுத்து ஆடுபவர் கால் எந்த நடையில் விழுகிறதோ அதற்குப் பக்கத்து நடைதான் பைலாக்காரர் கால் விழும் நடையும். மேல்நாட்டு மோகம் என்று அந்நாளில் இதைப் பழித்தவர்கள் கித்தாரைப் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை.

ஜமைக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். அடிமைக் கப்பலில் வந்த ஆப்பிரிக்கத் தாளமும், ஆண்டவர்களின் ஆட்டப்பாட்டும், அமெரிக்க வானொலியில் கேட்ட ஆன்மப் பாடல்களும் (கறுப்பின மக்களின் ‘சோல்’ இசை) சேர்ந்து மென்டோ, ஸ்கா, ராக்ஸ்டெடி என்று மாறி 1968 வாக்கில் ரெகே ஆயின. டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழு அந்த ஆண்டு வெளியிட்ட தட்டுதான் ‘ரெகே’ என்ற பெயரை ஊரறியச் செய்தது. ரெகேயில் நாலு அடி. முதல் அடியில் முரசு பெரும்பாலும் பேசாது. மூன்றாம் அடியில் கனமாக விழும். கித்தார் இடையெழுத்தாக, அடிகளுக்கு நடுவே வெட்டி வெட்டி வரும். பைலா காலைத் தூக்குகிறது, ரெகே முழங்காலைத் தாழ்த்துகிறது. தாளம் வேறு, வந்த வழி ஒன்று.

அந்த வழியில் பழவேற்காடும் ஒரு துறை. போர்த்துக்கீசியரும் பின்னர் டச்சுக்காரரும் இங்கே இருந்தார்கள். 1613இல் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவும் டச்சுக் கல்லறையும் இன்னும் உள்ளன. இங்கிருந்து அடிமைகள் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இங்கிருந்து போன கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பியச் சந்தையில் ஊர்ப்பெயரே பெயராயிற்று. கிளாஸ்கோ நெசவாளர்கள் அதைப் போலவே நெய்து அதே பெயரில் விற்றார்கள். மதராஸ் துணி என்று பின்னர் அழைக்கப்பட்ட இந்த வகைக் கட்டத்துணிதான் கரீபியத் தீவுகளுக்குப் போய் ஜமைக்காவில் ‘பந்தானா’ என்ற பெயரில் தேசிய உடையாக நிலைத்தது. ஜமைக்காப் பேச்சுமொழியை இலக்கியமாக்கிய லூயிஸ் பென்னட் மேடையேறும்போது தலையிலும் இடுப்பிலும் அந்தத் துணியைத்தான் கட்டியிருந்தார். துணி போன கப்பல் வழியிலேதான் தாளங்களும் போயின. ஆகவே ரெகேயைப் பற்றிப் பழவேற்காட்டில் உட்கார்ந்து எழுதுவது ஒன்றும் விந்தையில்லை.

சிரிப்பும் முறையீடும்

1970இல் அமைந்த இலங்கை அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. இந்தியப் பத்திரிகைகளும் படங்களும் குறைந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் இடம் கிடைத்தது. பொப்பிசையின் வளர்ச்சியை அந்த இடைவெளியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மனோகர் ‘பாச நிலா’, ‘வாடைக்காற்று’ (1978) ஆகிய இலங்கைத் தமிழ்ப் படங்களில் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய வாடைக்காற்று, நெடுந்தீவில் வாடி அமைத்து மீன்பிடிக்க வருபவர்களின் கதை. சுராங்கனியைப் பாடியவர் அந்தப் படத்தில் இருந்தது பொருத்தமே. பின்னர் தமிழ்நாட்டுக்கு வந்து திரைப்படங்களிலும் சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார், சென்னையிலேயே காலமானார்.

தமிழ்நாடு அவரை என்ன செய்தது? மேடையில் கூட்டத்தை ஆட்டுவித்தவருக்குத் திரையில் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே வாய்த்தன. மேடைக்கு வந்தால் சுராங்கனி கேட்டார்கள். பாடி முடித்தால் இன்னொரு முறை சுராங்கனி கேட்டார்கள். ஒரே பாட்டால் அறியப்படுவது பாடகருக்கு வாழ்வும் தாழ்வும் ஆகும். இங்கே திரையிசைக்கு வெளியே தனிப்பாடகர் என்ற தொழிலே சரியாக உருவாகாத காலம் அது. பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, கச்சேரி ஆகிய மூன்றில் ஒன்றில் அடங்காதவருக்குத் தட்டுக் கடையில் தனி அடுக்கு கிடையாது.

ஜமைக்காவில் நிலைமை வேறு. கிங்ஸ்டன் நகரிலேயே பதிவகங்களும் தட்டு அச்சிடும் ஆலையும் இருந்தன. கிளமன்ட் டாட் போன்றவர்கள் சுமையுந்தில் ஒலிபெருக்கிகளை அடுக்கித் தெருவில் ஆட்டம் நடத்தினார்கள். மக்கள் ஆடினால் மறுவாரம் தட்டு அச்சாயிற்று. சேரியில் வாழ்ந்த இளைஞன் ஒரே ஆண்டில் பல ஏழங்குலத் தட்டுகள் பாடிவிட முடிந்தது. ஒரு பாட்டு தோற்றால் அடுத்த பாட்டு இருந்தது. அப்படிப் பலமுறை தோற்று வளர இடமிருந்ததால்தான் ரெகே பாடகர்களின் இசைவாழ்வில் வளர்ச்சிநிலைகளைக் காண முடிகிறது. பாப் மார்லியின் முதல் தட்டுகளைக் கேட்பவர் பிற்காலத்து மார்லியை அதில் எளிதில் கண்டுபிடிக்க மாட்டார். மனோகருக்கு அந்த வாய்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் முதலிலேயே வென்றுவிட்டார், பிறகு அந்த வெற்றியைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

பாடுபொருளிலும் ஒரு கேள்வியை எழுப்பாமல் விட முடியாது. ரெகே சிரித்தது குறைவு, முறையிட்டது அதிகம். பசியும் காவலரும் அடிமைத்தனத்தின் நினைவும் அதன் பொருள். ஈழத்துப் பொப்பிசையோ மாமியாரையும் கள்ளையும் லண்டன் மாப்பிள்ளையையும் பாடியது. மனோகர் இலங்கையைத் தாய்நாடாகப் போற்றியும் ஒரு பாட்டுப் பாடினார். எல்லா இனமும் ஒன்றென்ற நம்பிக்கையில் அது பாடப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பின்பு, 1983 ஜூலைக்குப் பின்பு, அந்தப் பாட்டைத் தமிழர் யாரும் முன்போலக் கேட்டிருக்க முடியாது. அதில் பொய் இல்லை, அதுதான் சங்கடம். பாடியவர் மனமாரப் பாடியது குரலில் தெரிகிறது. இன்று கேட்கையில் அந்த மகிழ்ச்சியே நெஞ்சை அடைக்கிறது.

இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் பாடப்பட்ட, இரண்டு இனத்தாரும் திருமண வீட்டில் ஆடிய பாட்டு சுராங்கனி. அதனால் என்ன தடுக்கப்பட்டது என்று கேட்பவர்கள் உண்டு. 1978 ஏப்ரலில் மார்லி கிங்ஸ்டன் மேடையில் பகை கொண்ட இரு தலைவர்களின் கைகளைச் சேர்த்துப் பிடித்து உயர்த்தினார்; 1980 தேர்தலில் அங்கேயும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பாட்டிடம் காவல்துறை வேலையை எதிர்பார்ப்பது தவறு. ஆனால் மனோகர் குழுவினரின் சிரிப்பைக் கவலையற்ற கூத்து என்று தள்ளுவதும் தவறு. மாமியாரைக் கேலி செய்த பாட்டு, வெள்ளாமைக் குடும்பத்துக் கட்டுப்பெட்டித்தனத்தை அதன் வீட்டு முற்றத்திலேயே கேலி செய்தது. கள்ளுக்கடைப் பாட்டைக் குடிகாரர் பாட்டு என்று நினைப்பவர்கள் அதைக் கேட்கவில்லை. அது போகாதே என்று சொல்லும் பாட்டு. பேச்சுத்தமிழைத் தட்டில் ஏற்றியது சிறிய காரியமன்று. ஜமைக்காப் பாடகர்கள் பள்ளிக்கூட ஆங்கிலத்தை விட்டுத் தெருமொழியில் பாடியதை உலகமே புரட்சி என்று எழுதியது. யாழ்ப்பாணத் தெருமொழியில் பாடியதை நாம் ‘ஜாலிப் பாட்டு’ என்றோம்.

தமிழ்த் திரையில் ரெகேயே வந்த ஓர் இடத்தையும் குறிப்பிடலாம். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘லவ் பேர்ட்ஸ்’ (1996) படத்தில், பர்மிங்காமில் வளர்ந்த பஞ்சாபி வழிப் பாடகர் அப்பாச்சி இந்தியன் பாடியிருக்கிறார். பிரிட்டனில் அதற்கு முன்பே புகழ்பெற்றிருந்த ரெகே குரல் அது. பாட்டு துள்ளலாகவே இருக்கிறது. இருந்தாலும் அது விருந்தாளியின் குரல். வந்து சாப்பிட்டுப் போனது. மனோகர் வீட்டு ஆள்.

தட்டு இல்லாமல் விமர்சனம் இல்லை

இவ்வளவும் எழுதுவதற்கு நான் கேட்டவற்றில் பாதி இணையத்தில் கிடைத்தவை. அவற்றில் எது எந்த ஆண்டுப் பதிவு, இசையமைத்தவர் யார், எழுதியவர் யார், வாசித்தவர் யார் என்ற குறிப்பு அநேகமாக இல்லை. சுராங்கனியின் மேடைப் பதிவும் தட்டுப் பதிவும் படப்பதிவும் ஒரே தலைப்பில் கிடக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ஒரு பாடகரின் வளர்ச்சியைப் பேசுவது, பக்க எண்ணும் அட்டையும் இல்லாத கிழிந்த புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துவது போன்றது. நடத்தலாம், தேர்வு வைக்க முடியாது.

பழைய இசைத்தட்டுச் சேகரிப்பு பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இங்கே உண்டு. விலைச் செய்திகள் அப்படி நினைக்க வைக்கின்றன. ஃபிராங்க் வில்சன் என்ற அமெரிக்கர் 1965இல் பாடிய ஆன்மப் பாடல் தட்டு ஒன்று, விரல்விட்டு எண்ணும் பிரதிகளே எஞ்சியதால், 2009இல் 25,000 பவுனுக்கு மேல் விலைபோனது. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் இருப்பது தொழிலாளர்களின் கதை. வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இளைஞர்கள் வார இறுதி இரவுகளில் ஆடுவதற்காக, அமெரிக்காவில் விற்காமல் போன தட்டுகளைத் தேடித்தேடி வாங்கினார்கள். தோற்ற பாட்டுகளுக்கு அவர்கள் இரண்டாம் வாழ்வு கொடுத்தார்கள். ஜமைக்காத் தட்டுகளையும் இப்படியே பிரிட்டனிலும் ஜப்பானிலும் சேகரிப்பாளர்கள் தேடி மீட்டார்கள். மறுபதிப்புகளில் பெரும்பகுதிக்கு மூலநாடா இல்லை. யாரோ பத்திரமாக வைத்திருந்த தட்டுதான் மூலம். 2018 நவம்பரில் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மனோகர் இறந்ததும் அதே ஆண்டுதான்.

கிங்ஸ்டன் தெரு ஒலிபெருக்கிக்காரர்கள் தங்கள் தட்டின் நடுச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம். போட்டிக்காரர் பாட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. நம் ஊர் மைக் செட்டுக்காரர்களுக்கு அந்தத் தந்திரம் தேவைப்படவில்லை, அவர்கள் தட்டில் சீட்டு தானாகவே தேய்ந்தது. குப்பத்துத் திருமணத்துக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் அம்மன் கோயில் கூழுக்கும் அதே தட்டுகள்தான். தென்னைமரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியில் லைட் அவுஸ் குப்பத்தில் போட்ட பாட்டு, ஏரிக்கு இந்தக் கரையில் கேட்கும். கடற்காற்று வீசும்போது பாட்டு பாதியில் மறைந்து பாதியில் திரும்பும். இலங்கை வானொலியில் கேட்ட பாட்டைத் தட்டாகக் கொண்டுவந்து போடுபவருக்கு ஊரில் தனி மதிப்பு. எங்கள் பகுதியில் அப்படி ஒருவர் வைத்திருந்த இரண்டு மரப்பெட்டித் தட்டுகள், ஒலிநாடா வந்தபின் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. அவற்றில் பொப்பிசை இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கேட்டு வாங்க அன்று தோன்றவில்லை. சென்னையில் பழைய தட்டுகள் கிடைத்துவந்த மூர் மார்க்கெட்டும் 1985 மே மாதம் எரிந்துபோயிற்று.

சேர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டி, அவற்றைப் பற்றி அயராமல் எழுதியும் வந்தார். மும்பையை மையமாகக் கொண்ட இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் 1990 முதல் இயங்கி, தட்டுப் பட்டியல்களை இதழாக வெளியிட்டது. சுரேஷ் சந்த்வாங்கர் அதில் பெரும்பங்கு ஆற்றினார். ‘யங் இந்தியா’ என்ற பம்பாய் நிறுவனத்தின் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் எண்மமாக்கப்பட்டது இத்தகைய உழைப்பால்தான். ஆனால் இவர்களின் அக்கறை கர்நாடக இசை, இந்துஸ்தானி, நாடகம், ஆரம்பகாலத் திரையிசை ஆகியவற்றின் பக்கமே அதிகம் சாய்ந்தது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஒரு வாழ்நாளில் இவ்வளவுதான் முடியும். 1970களின் ஏழங்குல பொப்பிசைத் தட்டு மட்டும் எவருடைய அடுக்கிலும் சேராமல் நடுவில் விழுந்துவிட்டது. அரியது என்று சொல்லப் பழமை போதவில்லை. செவ்வியல் என்று சொல்லத் தரம் போதவில்லை என்று கருதப்பட்டது. இலங்கைப் போர் மிச்சத்தையும் சிதறடித்தது. இடம்பெயர்ந்தவர்கள் பெட்டியில் எடுத்துப்போன தட்டுகள் லண்டனிலும் டொராண்டோவிலும் மெல்பேர்னிலும் மாடி அறைகளில் இருக்கக்கூடும்.

வைத்திருப்பவர்களுக்காகச் சில செய்திகள். நமது ஏரிக்கரையில் உப்புக்காற்று வினைல் தட்டைத் தின்பதில்லை. ஈரம் அட்டையில் பூஞ்சையேற்றுகிறது, பூஞ்சை பிறகு பள்ளத்தில் இறங்குகிறது. துருப்பிடிப்பது ஓட்டும் கருவிதான். தட்டுகளைச் செங்குத்தாக, புத்தகம்போல் நிறுத்த வேண்டும். படுக்கையாக அடுக்கினால் கீழ்த்தட்டு வளையும். தகரக் கூரைக்கடியில் மே மாதத்தில் ஒரு வாரம் போதும். அரக்கில் செய்த 78 சுழற்சித் தட்டுக்கும் 45, 33 சுழற்சி வினைல் தட்டுக்கும் ஊசி வேறு. நெடுந்தட்டு ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலை மட்டும் எடுக்கும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது, அரக்கு கரையும். 45இல் ஓட வேண்டியதை 33இல் ஓட்டிப் பதிவுசெய்து, பாடகரின் குரல் கனத்துவிட்டது என்று ஒருவர் எழுதியதையும் படித்திருக்கிறேன்.

எழுதிவைக்க வேண்டியவை இவை: நிறுவனப் பெயர், தட்டு எண், இரு பக்கத்துப் பாட்டுகள், சீட்டில் உள்ள எல்லாப் பெயர்களும் எழுத்துப்பிழையோடு அப்படியே, அட்டையின் பின்பக்கக் குறிப்பு, யாரிடமிருந்து எந்த ஊரில் கிடைத்தது. கடைசி விவரத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சுராங்கனித் தட்டு கொழும்பு வீட்டில் கிடைத்தால் ஒரு கதை, மாதாகுப்பத்தில் கிடைத்தால் வேறு கதை. படமும் ஒலியும் எடுத்தபின், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்மமாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தகவல் தரலாம். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களைத் தேடுகிறவர்களுக்கும் பின்னது பயன்படும்.

தட்டில் பாட்டு முடிந்து ஊசி சுற்றும் வெற்றிடத்தில், நடுச்சீட்டுக்கு வெளியே, கையால் கீறியதோ பொறித்ததோ ஆன எண் ஒன்று இருக்கும். சீட்டு கிழிந்த தட்டிலும் அது அழியாது. மனோகரின் எந்தப் பாட்டு முதலில் பதிவானது, எது பின்னால் வந்தது என்ற வரிசையை உறுதிசெய்ய இப்போதைக்கு நமக்கிருக்கும் நல்ல வழி அந்த எண்களைத் திரட்டுவதுதான். பகல் வெளிச்சத்தில் படிக்க வராது. இரவில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டை மெதுவாகச் சாய்த்தால் தெரியும்.